தம் மனத்தைப் படித்த பேராசிரியர்

கல்லைப் பற்றிப் படிக்கிறோம். மண்ணைப் பற்றிப் படிக்கிறோம். எட்டாத விண்மீனின் எடையைக்கூட இருந்த இடத்திலிருந்தே கணக்கிட்டுவிடுகிறோம். ஆனால், இவற்றையெல்லாம் படிக்கின்ற மனத்தைப் பற்றி நாம் படிப்பது மிகக் குறைவு. உடம்பில் ஒரு நோவு என்றால் அதன் பெயரைச் சொல்கிறோம், மருந்து கேட்கிறோம். மனத்தில் ஒரு நோவு என்றால் அதற்குப் பெயர் சொல்லவும் தெரிவதில்லை. பிறரிடம் வாய் திறக்கவும் துணிவு வருவதில்லை.

இந்த நிலையில் பல ஆண்டுகள் தவித்த ஓர் இளைஞர், பிற்காலத்தில் அந்த மனத்தையே ஆராய்ந்து உலகம் போற்றும் நூல் ஒன்றை எழுதினார். அவர்தாம் அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ். மனோதத்துவம் என்றும் உளநூல் என்றும் நாம் வழங்கும் துறைக்கு அமெரிக்காவில் அடிகோலியவர் அவர். நம் மன்றத்து மலரில் அவருடைய வாழ்க்கையை எழுத நான் விரும்பியதற்குக் காரணம் அவருடைய புகழ் அன்று. புகழ் வருவதற்கு முன் அவர் பட்ட பாடு. இருபத்தைந்து வயதில் அவர் இருந்த நிலை, விடுதி அறைகளில் இருக்கும் நம்மில் சிலருடைய நிலையாகவும் இருக்கலாம். நான் பௌதிகம் படிப்பவன். உளநூல் என் பாடம் அன்று. ஆகவே, ஒரு மாணவன் மற்ற மாணவர்க்குச் சொல்லும் வரலாறாக இதைக் கொள்ளுங்கள்.

பிறப்பும் குடும்பமும்

வில்லியம் ஜேம்ஸ் 1842-ஆம் ஆண்டு ஜனவரி 11-ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் பிழைக்க வந்து பெரும்பொருள் ஈட்டியவர். அந்தப் பொருள் இருந்தமையால், தந்தையார் ஹென்றி ஜேம்ஸ் தொழில் எதுவும் செய்யாமல் சமயத்தையும் தத்துவத்தையும் ஆராய்ந்து வாழ முடிந்தது. தந்தையார் சிறுவயதில் தீ விபத்தில் சிக்கி ஒரு காலை இழந்தவர். 1844-இல் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது, வெளிப்படையான காரணம் ஒன்றும் இல்லாமலே பேரச்சம் ஒன்று அவரைத் திடீரென்று பற்றிக்கொண்டது. அதிலிருந்து மீள அவருக்கு நெடுநாள் ஆயிற்று. மன நோவு அந்தக் குடும்பத்துக்குப் புதியது அன்று.

பிள்ளைகள் ஐவர். மூத்தவர் வில்லியம். அடுத்தவர் ஹென்றி; ஆங்கில நாவல் உலகில் பெரும்புகழ் பெற்றவர். அடுத்த தம்பியர் இருவரும் அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்து போரிட்டனர். ஒரே தங்கை ஆலிஸ், கூர்த்த அறிவு உடையவர்; எனினும், இளமை முதல் நரம்புத் தளர்ச்சி என்று அக்காலத்தார் பெயரிட்ட நோவில் வாடியவர். கடைசித் தம்பி ராபர்ட்சன் மனச்சோர்வுக்கும் குடிக்கும் இரையாகி வருந்தினார். இத்தனை திறமையும் இத்தனை துன்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

தந்தையார் பிள்ளைகளை ஓர் ஊரில் இருக்க விடவில்லை. நியூயார்க், ஜெனீவா, லண்டன், பாரிஸ், மறுபடியும் அமெரிக்கா, மறுபடியும் ஐரோப்பா என்று குடும்பம் இடம் மாறிக்கொண்டே இருந்தது. பள்ளிகளும் மாறின, ஆசிரியர்களும் மாறினார்கள். வில்லியத்துக்கு மொழிகள் வந்தன, ஓவியம் வந்தது, உலக அறிவு வந்தது. ஆனால், இன்னது செய்யப் பிறந்தவன் நான் என்ற உறுதி மட்டும் வரவில்லை.

வழி தேடிய ஆண்டுகள்

பதினெட்டு வயதில் ஓவியராக வேண்டும் என்று முடிவு செய்தார். நியூபோர்ட் என்னும் ஊரில் வில்லியம் மாரிஸ் ஹண்ட் என்ற ஓவியரிடம் பயின்றார். ஓராண்டுக்குள் அதை விட்டார். 1861-இல் ஹார்வர்டுப் பல்கலைக் கழகத்தின் விஞ்ஞானப் பள்ளியில் சேர்ந்து இரசாயனம் படித்தார். அதையும் விட்டு உடற்கூற்று நூலுக்குச் சென்றார். 1864-இல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதையும் இடையில் நிறுத்திவிட்டு, 1865-இல் லூயி அகாசிஸ் என்ற விலங்கு நூல் அறிஞருடன் பிரேசில் நாட்டின் அமேசான் ஆற்றுக்கு மீன்கள் திரட்டச் சென்றார். அங்கே அம்மை நோய் கண்டது. கண் பார்வையும் சில காலம் கெட்டது. மாதிரிகளைத் திரட்டி அடுக்கும் வேலை தமக்கு ஏற்றதன்று என்பதை அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டார்.

இன்ன படிப்பு என்று தெளியாமல் ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குத் தாவுகிறவர்களை நாம் எளிதில் ஏளனம் செய்கிறோம். ஊரில் உள்ள உறவினர்களும் அவ்வாறே செய்கிறார்கள். ஓவியம், இரசாயனம், விலங்கு நூல், மருத்துவம் என்று வில்லியம் ஜேம்ஸ் தாவியபோதும் அவரைப் பற்றி அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். ஆனால், ஓவியனின் கண்ணும் விஞ்ஞானியின் பயிற்சியும் பிற்காலத்தில் அவருடைய நூலில் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. வீணாகப் போன ஆண்டு என்று அவற்றுள் ஒன்றையும் சொல்ல முடியவில்லை.

இருள் சூழ்ந்த காலம்

1867-இல் உடல் நலம் தேடி ஜெர்மனிக்குச் சென்றார். முதுகு வலித்தது, கண் நொந்தது, உணவு செரிக்கவில்லை, உறக்கம் இல்லை. டிரெஸ்டனிலும் பெர்லினிலும் தங்கினார். வெந்நீர் ஊற்றுகளில் குளித்துப் பார்த்தார். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அந்த நாட்களில் அவருக்கு வந்தது. அதே ஜெர்மனியில்தான், நரம்புகளின் வேலையைச் சோதனைச் சாலையில் அளந்து, அதன் வழியாக மனத்தையும் விஞ்ஞான முறையில் ஆராயலாம் என்ற புதிய முயற்சி தொடங்கியிருந்தது. நோயாளியாகச் சென்றவர் அந்தச் செய்தியையும் மனத்தில் கொண்டு திரும்பினார்.

1869-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால், ஒரு நாளும் மருத்துவத் தொழில் செய்யவில்லை. பட்டம் பெற்ற பிறகு நிலை மேலும் மோசமாயிற்று. 1870 மார்ச்சு மாதத்தில், அவருக்கு மிகவும் அருமையான அத்தங்காள் மின்னி டெம்பிள் இளம் வயதில் எலும்புருக்கி நோயால் இறந்தார்.

அந்தக் காலத்து அனுபவம் ஒன்றை அவர் 1902-இல் வெளியிட்ட நூலில் எழுதியிருக்கிறார். அந்தி வேளையில் தம் அறைக்குள் சென்றபோது, காரணம் இல்லாத அச்சம் ஒன்று இருளிலிருந்து பாய்ந்து வந்ததுபோல் பற்றிக்கொண்டதாம். அதே நேரத்தில், மனநோய் விடுதி ஒன்றில் முன்பு கண்ட இளைஞன் ஒருவன், நாள் முழுவதும் முழங்காலைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பவன், நினைவுக்கு வந்தானாம். நாளை நானும் அவனாக ஆகக்கூடும், எனக்கும் அவனுக்கும் இடையில் இருப்பது மெல்லிய திரையே என்று நடுங்கினாராம். இந்த அனுபவத்தை யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய கடிதம் என்றே அந்த நூலில் கொடுத்தார். அது தம்முடையதே என்பதைப் பிற்காலத்தில் அந்நூலை மொழிபெயர்த்தவரிடம்தான் ஒப்புக்கொண்டார். உலகப் புகழ் பெற்று, அறுபது வயது ஆன பிறகும், என் மனம் ஒரு காலத்தில் நொந்திருந்தது என்று தம் பெயரால் சொல்ல அவருக்குக் கூச்சம் இருந்தது. அப்படியானால், இருபது வயதில் நமக்குக் கூச்சம் இருப்பதில் வியப்பு என்ன?

அவருடைய நோவுக்கு ஒரு காரணம் அவர் படித்த விஞ்ஞானமே. உலகில் ஒவ்வொரு நிகழ்ச்சியும் முன் நிகழ்ச்சியால் கட்டுண்டது என்றால், மூளையும் அணுக்களால் ஆனது என்றால், நான் நினைப்பதும் செய்வதும் முன்பே முடிவானவையா? நல்லவனாக முயல்வதில் பொருள் உண்டா? இந்தக் கேள்வி அவரை வாட்டியது. பௌதிக மாணவனாகிய எனக்கு இந்தக் கேள்வி விளையாட்டாகத் தோன்றவில்லை. நியூட்டனின் சமன்பாடுகளைக் கற்ற நாளில் பலருக்கும் இது ஒருமுறையாவது தோன்றியிருக்கும். பெரும்பாலோர் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறோம். ஜேம்ஸால் அப்படிப் போக முடியவில்லை.

ஏப்ரல் முப்பதாம் நாள்

1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அவர் தம் நாட்குறிப்பில் ஒரு முடிவை எழுதினார். ரெனூவியே என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் கட்டுரை ஒன்றை அப்போதுதான் படித்திருந்தார். பல எண்ணங்கள் வரக்கூடிய வேளையில், ஓர் எண்ணத்தை நானே தேர்ந்து பிடித்து நிறுத்துகிறேன் அல்லவா, அதுவே என் விருப்பத்தின் உரிமை என்பது அந்த அறிஞர் கருத்து. அது வெறும் மயக்கம் என்று கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஜேம்ஸ் முடிவு செய்தார். விருப்ப உரிமை உண்டு என்று நம்புவதையே தம் முதல் உரிமைச் செயலாகக் கொண்டார். ஓராண்டுக்கேனும் இதைக் கடைப்பிடித்துப் பார்ப்பது, வீண் ஆராய்ச்சியைக் குறைப்பது, சிறு சிறு செயல்களின் பழக்கத்தை வளர்ப்பது என்று திட்டமிட்டார்.

இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பலரும் இத்துடன் கதையை முடித்துவிடுகிறார்கள். ஒரு நூலைப் படித்தார், உறுதி பூண்டார், நலம் பெற்றார் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், உண்மை அப்படி இல்லை. உறுதி பூண்ட பிறகும் ஓராண்டுக்கு மேல் அவர் நலிந்தே இருந்தார். வேலை ஒன்றும் இல்லாமல் பெற்றோர் வீட்டிலேயே இருந்தார். மாற்றம் சிறிது சிறிதாகத்தான் வந்தது. அதைக் கொண்டுவந்தவற்றில் உறுதியும் ஒன்று. அது மட்டும் அன்று.

முதலாவது, வேலை. முன்பு அவருக்கு இரசாயனம் கற்பித்த சார்லஸ் எலியட் இப்போது ஹார்வர்டின் தலைவராக இருந்தார். உடலியல் கற்பிக்க வருமாறு 1872-இல் ஜேம்ஸை அழைத்தார். 1873-இன் தொடக்கத்தில் ஜேம்ஸ் வகுப்புக்குச் சென்றார். இன்ன நாளில் இன்ன மணிக்கு மாணவர் முன் நிற்க வேண்டும் என்ற கட்டாயம், தம்மையே ஆராய்ந்துகொண்டிருந்த மனத்துக்கு வெளியே ஒரு பிடிப்பைக் கொடுத்தது. ஆயினும், அவ்வாண்டு இறுதியில் மறுபடியும் தளர்ந்தார். வேலையிலிருந்து விடுப்புப் பெற்று, இத்தாலியில் தம்பி ஹென்றியுடன் தங்கி, 1874-இல் திரும்பினார். ஓய்வு கேட்பதை அவர் தோல்வியாகக் கொள்ளவில்லை.

இரண்டாவது, மனிதர். 1878 ஜூலையில் ஆலிஸ் கிப்பென்ஸ் என்ற பள்ளி ஆசிரியையை மணந்தார். மணத்துக்கு முன்பே, தம் நோவுகளையும் அச்சங்களையும் ஒளிக்காமல் அந்த அம்மையாருக்குக் கடிதங்களில் எழுதினார். எல்லாம் தெரிந்தே அவர் மணந்தார். அதன் பிறகு ஜேம்ஸின் உடல் முற்றும் தேறிவிடவில்லை; உறக்கமின்மையும் சோர்வும் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது வந்துகொண்டிருந்தன. ஆனால், பழைய இருளுக்குள் முழுவதும் மூழ்கிவிடவில்லை.

பன்னிரண்டு ஆண்டு உழைப்பு

1875-இல் உடலியலையும் உளநூலையும் இணைத்து ஹார்வர்டில் ஒரு பாடம் தொடங்கினார். சோதனைக் கருவிகள் சிலவற்றை ஓர் அறையில் வைத்து மாணவர்க்குக் காட்டினார். வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிறுவிய புகழ்பெற்ற உளநூல் சோதனைச் சாலை 1879-இல்தான் வந்தது. ஜேம்ஸ் சோதனை செய்து காண்பதைவிட, நுணுகிப் பார்த்து எழுதுவதில் வல்லவர்.

மணம் செய்துகொண்ட அதே 1878-இல், உளநூல் பாட நூல் ஒன்றை இரண்டு ஆண்டில் எழுதித் தருவதாக ஹென்றி ஹோல்ட் என்ற பதிப்பாளருக்கு ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் தாயும் தந்தையும் ஒரே ஆண்டில், 1882-இல், மறைந்தனர். 1885-இல் அவருடைய கைக்குழந்தை ஒன்று கக்குவான் இருமலால் இறந்தது. இவ்வளவுக்கும் இடையில் எழுதி முடித்த ‘உளநூல் தத்துவங்கள்’ 1890-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தது. ஏறக்குறைய 1400 பக்கங்கள். ஆய்வேட்டை நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்க்கு இது சிறிது ஆறுதல் தரலாம்!

அந்த நூலில் நமக்குப் பயன்படும் கருத்துகளில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், பழக்கம். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் நரம்புகளில் அதற்கென ஒரு வழி படிகிறது; பிறகு அந்தச் செயல் முயற்சி இல்லாமலே நடக்கிறது. ஒற்றையடிப் பாதை நடக்க நடக்கத் தெளிவாவது போன்றது இது. நரம்பு அணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் பயன்படுத்தப் பயன்படுத்த வலிமை பெறுகின்றன என்பதைப் பிற்கால மூளை ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. நல்ல பழக்கத்தை ஊன்ற நான்கு வழிகளை ஜேம்ஸ் கூறினார். தொடக்கத்தில் முழு வலிமையோடு தொடங்க வேண்டும். வேர் பிடிக்கும் வரையில் ஒரு நாளும் விலக்கு அளிக்கக் கூடாது; நூற்கண்டு சுற்றும்போது ஒருமுறை கை நழுவினால் பல சுற்றுகள் அவிழ்ந்துவிடும் அல்லவா? எடுத்த முடிவைச் செயலாக்கும் முதல் வாய்ப்பையே பிடித்துக்கொள்ள வேண்டும். கடைசியாக, நாள்தோறும் செய்ய விருப்பமில்லாத ஒரு சிறு காரியத்தையேனும் செய்து, முயலும் ஆற்றலை மழுங்காமல் காக்க வேண்டும். இவற்றுள் முதல் இரண்டும் பெயின் என்ற ஸ்காட்லாந்து அறிஞரிடமிருந்து பெற்றவை. அதை ஜேம்ஸ் மறைக்கவில்லை.

இரண்டாவது, உணர்ச்சி. அஞ்சுவதால் ஓடுகிறோம், வருந்துவதால் அழுகிறோம் என்பது நம் எண்ணம். ஜேம்ஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். உடம்பு முதலில் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை உணர்வதே அச்சம் என்றார். 1884-இல் இதை வெளியிட்டார். லாங்கே என்ற டென்மார்க்கு மருத்துவரும் மறு ஆண்டில் இதையொத்த கருத்தைத் தனியே சொன்னார். 1927-இல் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் வலிய தடைகளை எழுப்பினார். உடல் மாறுதல் மட்டுமே உணர்ச்சி ஆகாது என்பது இன்று தெளிவு. எனினும், உடலுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு என்பதும் தெளிவு. மனம் தெளியட்டும், பிறகு எழுந்து நடக்கலாம் என்று காத்திருந்தால் மனம் தெளிவதில்லை. எழுந்து நடந்தால் சிறிது தெளிகிறது. மனச்சோர்வு நோய்க்கு இன்று வழங்கும் மருத்துவ முறைகளுள் ஒன்று, நோயாளி விட்டுவிட்ட சிறு செயல்களை நாள் திட்டமிட்டு மறுபடியும் செய்யவைப்பது. இங்கிலாந்தில் 440 பேரை வைத்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த எளிய முறை, மிகுந்த பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் உரையாடல் மருத்துவத்துக்குக் குறைந்ததன்று என்று கண்டார்கள். 1870-இல் தனியாக நாட்குறிப்பு எழுதிய இளைஞர் தடவிக் கண்ட வழியும் ஏறக்குறைய இதுவே.

மூன்றாவது, ஒரு பின்னம். விஞ்ஞான மாணவர்க்கு இது பிடிக்கும். ஒருவன் தன்னைப் பற்றிக் கொள்ளும் மதிப்பு, அவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசையால் வகுத்தால் வரும் ஈவு என்றார். மேலே உள்ள எண்ணைக் கூட்டியும் ஈவை உயர்த்தலாம். கீழே உள்ள எண்ணைக் குறைத்தும் உயர்த்தலாம். எல்லாவற்றிலும் முதல்வனாக வேண்டும் என்று கீழே எட்டாத எண்ணை எழுதிவைத்தவனுக்கு எந்த வெற்றியும் போதாது. பள்ளியில் முதல்வனாக இருந்து இங்கு வந்து நடுவில் நிற்கும் நம்மில் பலர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அவர் சொன்ன எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. முப்பது வயதுக்குள் பெரும்பாலோருடைய குணம் சாந்து பூசியதுபோல் இறுகிவிடும் என்று எழுதினார். ஆனால், முப்பத்தொரு வயதில்தான் அவர் முதல் வகுப்பு எடுத்தார், முப்பத்தாறில் மணந்தார், நாற்பத்தெட்டில் இந்த நூலை வெளியிட்டார். அவர் வாழ்க்கையே அவர் கருத்துக்கு மறுப்பு. இறந்தவர்களோடு பேசுவதாகச் சொன்னவர்களை ஆராய்வதிலும் பல ஆண்டுகள் செலவிட்டார். அதிலிருந்து உறுதியான முடிவு ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆசிரியரும் துணைவரும்

ஹார்வர்டு அப்போது பெண்களை மாணவராக ஏற்பதில்லை. 1890-இல் மேரி கால்கின்ஸ் என்ற ஆசிரியை உளநூல் பயில வந்தபோது, ஜேம்ஸ் அவருக்காக வாதாடித் தம் வகுப்பில் இடம் கொடுத்தார். வகுப்பில் இருந்த ஆண்கள் விலகிக்கொண்டார்கள். ஒரே மாணவிக்கு ஜேம்ஸ் பாடம் நடத்தினார். 1895-இல் கால்கின்ஸ் முனைவர் தேர்வில் சிறப்பாகத் தேறியும் ஹார்வர்டு பட்டம் தர மறுத்துவிட்டது. 1905-இல் அந்த அம்மையார் அமெரிக்க உளநூல் கழகத்துக்குத் தலைவரானார். கறுப்பு மக்களின் உரிமைக்குப் போராடிய அறிஞர் டு போய்சும் ஜேம்ஸின் மாணவரே.

1896-இல் சுவாமி விவேகானந்தர் ஹார்வர்டில் உரையாற்றினார். ஜேம்ஸுக்கு அவரோடு பழக்கம் உண்டாயிற்று. சமய அனுபவத்தைப் பற்றி எடின்பரோவில் ஆற்றிய சொற்பொழிவுகளைத் தொகுத்து 1902-இல் வெளியிட்ட நூலில், யோகத்தைப் பற்றி விவேகானந்தர் எழுதியவற்றை எடுத்தாண்டார். அத்வைதக் கொள்கையை அவர் ஏற்கவில்லை. ஆனால், தாம் ஏற்காததையும் மதித்துக் கற்றார்.

மனநோயாளரை அவர் மறக்கவில்லை. கிளிஃபோர்டு பீர்ஸ் என்ற பட்டதாரி இளைஞர் 1900-இல் உயிரை விடத் துணிந்து, பிழைத்து, மூன்று ஆண்டுகள் மனநோய் விடுதிகளில் அடியும் இழிவும் பட்டவர். நலம் பெற்ற பிறகு தம் கதையை எழுதினார். வெளியிட வேண்டாம் என்று பலர் தடுத்தனர். ஜேம்ஸ் கையெழுத்துப் படியைப் படித்து, ஊக்கமூட்டிக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை முகவுரையாகக் கொண்டு நூல் 1908-இல் வெளிவந்தது. 1909-இல் பீர்ஸ் தொடங்கிய மனநலத்துக்கான தேசியக் குழுவிலும் ஜேம்ஸ் துணை நின்றார். தம் கதையை வேறொருவர் பெயரில் மறைத்தவர், தன் பெயரிலேயே சொல்லத் துணிந்த ஓர் இளைஞனுக்குத் தோள் கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

சென்ற ஆண்டு எங்கள் துறையில் ஒருவர் படிப்பை நடுவில் நிறுத்திக்கொண்டு ஊர் திரும்பினார். உடம்பு சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதை என்னிடம் மட்டும் சொன்னார், வீட்டில் சொல்லவில்லை. மனம் என்று சொன்னால் பைத்தியம் என்று கேட்டுக்கொள்வார்கள் என்று அஞ்சினார். ஜேம்ஸும் முதுகு வலி, கண் நோவு என்றுதான் பல ஆண்டுகள் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தச் சொல் நம் நாவில் வரத் தயங்குகிறது.

கடைசி நாட்கள்

1898-இல் மலை ஏறும்போது அளவுக்கு மீறி உழைத்ததால் ஜேம்ஸின் இதயம் கெட்டது. 1907-இல் ஹார்வர்டிலிருந்து ஓய்வு பெற்றார். 1909 செப்டம்பரில், வியன்னாவிலிருந்து வந்திருந்த சிக்மண்ட் பிராய்டைக் காண வூஸ்டர் நகரத்துக்குச் சென்றார். இருவரும் நடந்துகொண்டிருந்தபோது ஜேம்ஸுக்கு மார்வலி வந்தது. கையில் இருந்த பையைப் பிராய்டிடம் கொடுத்து, முன்னால் போகுமாறும் வலி நீங்கியதும் வந்து சேர்ந்துகொள்வதாகவும் அமைதியாகச் சொன்னார். சாவை எதிரில் கண்டும் அவர் கலங்காமல் நின்றதைப் பிராய்டு பிற்காலத்தில் வியந்து எழுதினார். அறைக்குள் பாய்ந்த காரணமற்ற அச்சத்தில் நடுங்கிய இளைஞரும் இவரே என்பதை எண்ணிப் பாருங்கள்.

1910-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள், நியூ ஹாம்ஷயரில் சொகோருவா என்ற சிற்றூரில் இருந்த தம் கோடை வீட்டில் வில்லியம் ஜேம்ஸ் காலமானார். வயது அறுபத்தெட்டு.

நமக்கு

மனத்தை அறிவது என்றால் தனியே உட்கார்ந்து மனத்தைத் துருவிக்கொண்டே இருப்பது என்று பலர் எண்ணுகிறோம். ஜேம்ஸ் அதைத்தான் முதலில் செய்தார். அது அவரை மேலும் நோயாளி ஆக்கியது. குறித்த நேரத்தில் செய்ய ஒரு வேலை, மறைக்காமல் சொல்ல ஒரு மனிதர், வேண்டியபோது ஓய்வு, நாள்தோறும் ஒரு சிறு முயற்சி ஆகிய இவை சேர்ந்தபோதே மீண்டார். மீண்ட பிறகுதான் மனத்தைப் பற்றி எழுத அவரால் முடிந்தது.

நாம் ஊரை விட்டு வந்தவர்கள். வகுப்பில் ஒரு மொழி, கடைத்தெருவில் ஒரு மொழி, கனவில் மட்டும் தமிழ். குளிரும் சப்பாத்தியும் பழகிவிடும். தனிமை அவ்வளவு எளிதில் பழகுவதில்லை. தாங்க முடியாத நிலை வந்தால், மன உறுதி போதவில்லை என்று தம்மைத்தாமே குறை கூறிக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் போகலாம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசி உதவி 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கிடைக்கிறது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். ஜேம்ஸ் காலத்தில் இது இல்லை.

அந்த எண்ணுக்கு முன்னால் மற்றொன்றும் உண்டு. நம் மன்றம் ஞாயிறுதோறும் கூடுகிறது. பேச்சுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் மட்டும் அன்று; இரண்டு வாரமாக வராத ஒருவருடைய அறைக் கதவைத் தட்டுவதற்கும் அது பயன்பட வேண்டும். பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டால் போதும்; மீதியை அவரே சொல்வார்.